போணி ஆட்டம்

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் எரிச்சல். கிள்ளானில் ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில் எங்கள் சேலைக் கடை. கடைக்கு மேலே வீடு, வீட்டுக்கு மேலே சரக்கு அறை. மாப்பிள்ளை வீட்டார் ஹாலில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் சரக்கு அறையில் சேலைப் பண்டல்களுக்கு நடுவே காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓரிடத்தில் நிம்மதியாக உட்காரத் தெரியாத பிறவி நான். மாப்பிள்ளை நல்லவரா, அக்காவுக்குப் பிடித்திருக்கிறதா என்றெல்லாம் யோசிக்கத் தோன்றவில்லை. இனிமேல் நான் யாரோடு அட்டை ஆடுவது என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. வெளியே சொன்னால் அம்மா செருப்பைக் கழற்றுவாள் என்பதால் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தேன். தினமும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில். அமெரிக்காவில் அச்சான ஒரு வகை விளையாட்டு அட்டைகள் அப்போது கோலாலம்பூரில் ஒரு காமிக்ஸ் கடைக்கு வர ஆரம்பித்திருந்தன. பாக்கெட்டைக் கிழித்தால்தான் உள்ளே என்ன அட்டை என்று தெரியும். டிராகன் வரலாம், பூதம் வரலாம், ஒன்றுக்கும் உதவாத ஈட்டிக்காரனும் வரலாம். ஆளுக்கொரு கோட்டை இருப்பதாகப் பாவனை. அட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி எதிராளியின் கோட்டையை இடிக்க வேண்டும். பெரிய அட்டையை இறக்குவதற்கு நேரம் பிடிக்கும், அதுவரை சின்ன அட்டைகளை வைத்துத் தாக்குப்பிடிக்க வேண்டும். இவ்வளவுதான் ஆட்டம். இதற்காக நான் சோறு தண்ணீர் மறந்தேன்.

அந்தக் கடையிலேயே ஆடுவதற்கு மேசை போட்டிருந்தார்கள். ஆனால் அங்கே எனக்கும் மற்றவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. தோற்றால் எனக்குத் தாங்காது. ஒரு சனிக்கிழமை மேசையில் இருந்த அட்டைகளை எல்லாம் கையால் தட்டிவிட்டு எழுந்து வந்தேன். அடுத்த வாரம் போனபோது எல்லாரும் மும்முரமாக வேறு பக்கம் பார்த்தார்கள். யாரிடமும் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை என்பதால் அந்த மேசை அத்தோடு போயிற்று.

ஆகவே அக்காதான் கதி. என்னைவிட நாலு வயது மூத்தவள், பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்த கையோடு கடையில் உட்கார்ந்துவிட்டாள். அட்டையில் இருந்த ஆங்கிலப் பெயர்களை அவள் மதிக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் கடைப் பெயர் வைத்தாள். ஈட்டிக்காரன் கட்பீஸ். நடுத்தரமான வீரர்கள் வாயில் சேலை. டிராகன் காஞ்சிபுரம். படம் அழகாக இருந்து ஆட்டத்துக்கு உதவாத அட்டைகளுக்கு ஷோகேஸ் என்று பெயர். "கட்பீஸ் ரெண்டு போடுறேன், என்னா செய்வ செய்யி" என்பாள். கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடி மேசை மீது ஆடுவோம். கஸ்டமர் வந்தால் அட்டைகள் மீது ஒரு துண்டுத் துணியைப் போட்டு மூடிவிட்டு எழுந்து போவாள்.

அவள் ஆட்டமும் கடை வியாபாரம் மாதிரியே இருக்கும். நல்ல சேலையை முதலில் விரிக்க மாட்டாள். நாலு சாதாரணச் சேலையை எடுத்துப் போட்டு வந்தவர்களின் முகத்தைப் பார்ப்பாள். கண் எதில் நிற்கிறது, கை எதைத் தடவுகிறது என்று பார்த்து, அவர்கள் போதும் என்று எழும்போதுதான் அடியிலிருந்து பட்டுச் சேலையை உருவுவாள். என்னிடமும் அதுதான். நான் ஜெயித்துவிட்டதாக நிமிரும்போது காஞ்சிபுரம் இறங்கும்.

கடையில் அப்பாவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. காலையில் முதலில் வரும் கஸ்டமரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. கேட்ட விலைக்குக் கொடு, அசலுக்குக் கொடு, நஷ்டமானாலும் கொடு. போணி ஆகாமல் போனால் அன்றைக்கு முழுக்க அப்பா சிடுசிடுவென்று இருப்பார். இது தெரிந்த சில ஆன்டிகள் கடை திறக்கும் முன்பே வாசலில் நிற்பார்கள். அக்கா சிரித்துக்கொண்டே அவர்களுக்கு விட்டுக்கொடுப்பாள், பிறகு வருகிற ஆன்டிகளிடம் அதைச் சேர்த்து வாங்கிவிடுவாள்.

எங்கள் ஆட்டத்திலும் ஒரு ஒழுங்கு இருந்தது. முதல் ஆட்டம் பெரும்பாலும் எனக்கு. அதற்கு அடுத்து வருவதெல்லாம் அவளுக்கு. நான் தொடங்கும்போது புலி என்றும், போகப் போக பொறுமை கெட்டு நானே என்னைக் கெடுத்துக்கொள்கிறேன் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னை ஆரம்ப சூரன் என்று கூப்பிடுவதற்கும் இது பொருந்திப் போயிற்று. கித்தார் வகுப்பு, கராத்தே, தபால் வழி ஜப்பானிய மொழி என்று எதையும் நான் முடித்தவன் இல்லை. ஆனால் ஆரம்பத்தில் சூரன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது, பொய் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீடு ஸ்ரீ கெம்பாங்கானில். அது ஒன்றும் சீமை இல்லை, காரில் போனால் ஒரு மணி நேரம். ஆனால் கல்யாணமாகிப் போன பெரியம்மா மகள்களை நான் பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கு முறுக்கு டின்னோடு வருவார்கள், கூடத்தில் நுனி நாற்காலியில் உட்காருவார்கள், நாலு மணிக்கெல்லாம் கிளம்புவார்கள். அவர்களில் யாரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து தம்பியோடு அட்டை ஆடி நான் பார்த்ததில்லை.

அந்தக் கேசரி நாளில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. சரக்கு அறையில் என்னுடைய பழைய கம்ப்யூட்டர் இருந்தது. இந்த அட்டை ஆட்டத்தை அதில் நானே எழுதிவிட்டால் என்ன? ஒரு பக்கம் நான், மறுபக்கம் கம்ப்யூட்டர். சும்மா ஏதோ ஒரு கம்ப்யூட்டர் இல்லை, அக்கா ஆடுகிற மாதிரியே ஆடுகிற கம்ப்யூட்டர். அட்டை அச்சடித்த கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவர்களுக்குக் கிள்ளான் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் போவதற்குள் அவள் ஆட்டத்தை நான் பிடித்து வைத்துவிட வேண்டும்.

முதலில் இரண்டு பேர் ஆடுகிற மாதிரி எழுதினேன். அட்டைப் படங்களை ஒவ்வொரு புள்ளியாகத் திரையில் வரைந்தேன். டிராகனுக்கு ஒரு வாரம் பாடுபட்டேன். அக்கா வந்து குனிந்து பார்த்துவிட்டு, "கோழி நல்லா வந்திருக்குடா" என்றாள். கோபத்தில் அதை அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். இரண்டாவது இன்னும் அசல் கோழியாக வந்தது.

பிறகு அவளை உட்கார வைத்து ஆடினேன். நாங்கள் ஆட ஆட, இன்ன நிலைமையில் அக்கா இன்ன அட்டையைப் போட்டாள் என்று கம்ப்யூட்டர் சேர்த்துக்கொண்டே வரும். நாளைக்கு அது தனியாக ஆடும்போது, அதே நிலைமை வந்தால் அவள் போட்டதையே போடும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அவளுக்கு நேரம் ஏது? நகைக் கடை, தையல், பத்திரிகை கொடுக்க மேரு, அம்பாங் என்று அம்மா அவளை இழுத்துக்கொண்டு அலைந்தாள். மதியச் சாப்பாடு முடிந்து கடையில் ஈ ஓட்டும் நேரத்தில் மாடிக்கு ஓடி வருவாள். ஒரே ஒரு ஆட்டம். முடிந்ததும், "போறேன்டா, அம்மா கத்துவாங்க" என்று இறங்கிவிடுவாள்.

அந்த ஒரு ஆட்டத்துக்காக நான் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ரயில் பிடித்தேன். ரயில் ஷா ஆலத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் எனக்கு உயிர் போய்விடும். அவள் வரத் தாமதமானால் மாடிப்படியில் ஏறி இறங்குவேன், நகத்தைக் கடிப்பேன், சேலை இறக்கும் லோரிக்காரரிடம் காரணமில்லாமல் சண்டைக்குப் போவேன். அவர் பாவம், "என்னா பாஸ், சாப்பிடலியா?" என்று கேட்டுவிட்டுப் பண்டலைத் தூக்கிக்கொண்டு போவார்.

அந்த நாட்களில் அநேகமாக தினமும் நான்தான் ஜெயித்தேன். எனக்குக் கையில் ஆட்டம் கூடிவிட்டதென்று ஒரு நாள் நினைத்தேன். மறுநாள், அவளுக்குக் கல்யாண யோசனையில் ஆட்டத்தில் மனசில்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் ஜெயித்த சந்தோஷம்கூட எரிச்சலாக மாறிற்று.

கல்யாணத்துக்குச் சில நாட்கள் முன்பு கம்ப்யூட்டரைத் தனியாக ஆடவிட்டேன். ஆடியது. முதலில் இரண்டு கட்பீஸ், பிறகு ஒரு வாயில், அப்படியே அவள்தான். பெரிய அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தது. நானும் காஞ்சிபுரம் இப்போது இறங்கும், இப்போது இறங்கும் என்று பார்த்தேன். இறங்கவே இல்லை. கோட்டை இடிகிற வரைக்கும் டிராகனைக் கையில் வைத்துக்கொண்டே தோற்றது. மறுபடி ஆடினேன், மறுபடி தோற்றது.

எங்கேயோ பிழை என்று நினைத்தேன். எழுதியதை வரி வரியாகப் பார்த்தேன். பிழையே இல்லை. மேசைக் காலை உதைத்து என் கட்டை விரல்தான் வீங்கியது. ஆட்டத்தை ஒரு பிளாப்பி தட்டில் ஏற்றி பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டுபோய்க் கல்லூரிக் கம்ப்யூட்டரில் போட்டேன். பக்கத்து நாற்காலி நண்பன் ஒருவன் ஆடிப் பார்த்தான். அட்டை ஆட்டத்தை அன்றைக்குத்தான் அவன் முதல் தடவை பார்க்கிறான். இரண்டு ஆட்டமும் அவனே ஜெயித்தான்.

"இது யாரு மாதிரி ஆடுதுன்னு சொன்ன?"

"எங்க அக்கா மாதிரி."

"கோவிச்சுக்காத லா, உங்கக்கா ரொம்ப மக்கு."

அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். லேப் உதவியாளர் வந்து பிரித்துவிட்டார். வெளியே வந்து பாலத்தடிக் கடையில் நின்று ஐஸ் போட்ட தேநீர், ஒரு தெ ஆயிஸ், குடித்தேன். அவமானம் எனக்கில்லை, அவளுக்கு. என் அக்காவை நான் ஒரு முட்டாளாக எழுதி வைத்திருந்தேன். அதைச் சரிசெய்ய அவளோடு இன்னும் நிறைய ஆட வேண்டும், ஆனால் வீட்டில் அப்போது பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கல்யாண மேடையில் பொரியிடும் சடங்குக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மணப்பெண்ணின் கைகளில் உடன்பிறந்தவன் நெற்பொரியை அள்ளிப் போட வேண்டும், அவள் அதை நெருப்பில் இடுவாள். அக்கா கை நிறைய மருதாணியும் வளையலுமாக நீட்டிக்கொண்டிருந்தாள். பொரியைப் போடும்போது தலை நிமிராமல் கேட்டாள்.

"முடிஞ்சதாடா?"

சடங்கைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். "முடிஞ்சது, நல்லா ஆடுது" என்றேன். புகை கண்ணில் பட்டது என்று சொல்லிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினேன். ஆனால் அழுகைதான்.

அவள் போன பிறகு கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் அப்பா ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடி மேசையில் பில் புத்தகம் மட்டும் கிடந்தது. நான் தினமும் சாயங்காலம் மாடிக்குப் போய் கம்ப்யூட்டரோடு ஆடினேன், ஜெயித்தேன். ஜெயிக்க ஜெயிக்க ஆத்திரம்தான் வந்தது. அது பெரிய அட்டையை இறக்கியே தீர வேண்டும் என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். இறக்கியது. என்னைத் தோற்கடிக்கவும் செய்தது. ஆனால் அது அக்கா இல்லை, ஏதோ ஒரு முரட்டு ஆள். அந்த வரியை எடுத்துவிட்டேன். கொஞ்ச நாளில் கம்ப்யூட்டர் மீது தூசிக்காக ஒரு சேலை உறையைப் போட்டு மூடினேன். அம்மா துணி எடுக்க வந்தவள் அதைப் பார்த்துவிட்டு, "இதுவும் அவ்வளவுதானா, ஆரம்ப சூரா?" என்றாள்.

தலை தீபாவளிக்கு அக்காவும் அவள் கணவரான மாமாவும் வந்தார்கள். காலையில் எண்ணெய்க் குளியல், விருந்து, மாமாவுக்கு மோதிரம் என்று வீடே அல்லோலகல்லோலப்பட்டது. அக்காவும் கூடத்தில் நுனி நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மதியம் மாமா சாப்பிட்ட அசதியில் படுத்ததும், படியில் அவள் கொலுசுச் சத்தம் கேட்டது. சரக்கு அறைக்குள் வந்து, பட்டுச் சேலையோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க, என்னைக் காட்டு."

வேறு வழியில்லை. உறையை எடுத்துவிட்டு ஆடிக் காட்டினேன். கம்ப்யூட்டர் கட்பீஸ் போட்டது, வாயில் போட்டது, டிராகனைக் கையில் வைத்துக்கொண்டு தோற்றது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"சிரிக்காத. எங்கயோ தப்பு இருக்கு, எனக்குப் புடிபட மாட்டேங்குது."

"தப்பே இல்லடா. அப்படியே நான்தான்." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஒரு நாளைக்கு ஒரு ஆட்டம்தானே ஆடுனோம்? நீ சேத்து வச்சது பூரா போணிடா."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து நின்றுவிட்டேன்.

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமே. மொத ஆட்டம் உனக்கு. அப்பா போணிக்கு விடுறாங்கல்ல, அந்த மாதிரி."

தொடங்கும்போது நான் புலி என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். ஆரம்ப சூரனுக்கு அந்த ஆரம்பமும் சொந்தமில்லை. "பிச்சை போட்டியா?" என்று கத்தினேன். கீழே மாமா தூங்குகிறார் என்பதுகூட நினைவில்லை.

அக்கா கத்தவில்லை. "மொத ஆட்டத்துல தோத்தா நீ என்னா செய்வ? அட்டைய வீசிட்டு மாடிக்குப் போயிடுவ. ரெண்டு நாளைக்கு என் மூஞ்சிய பாக்க மாட்ட. அப்புறம் நான் யாரோட ஆடுறது? காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் அந்தக் கல்லாவுல நான் யாரு மூஞ்சிய பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்?"

நான் மறுபடி தரையில் உட்கார்ந்தேன்.

"நான் போயிட்டா உனக்கு ஆள் வேணும்னு நீ என்னை மாதிரி ஒன்னு செஞ்சுக்கிட்ட. சரி. அங்க எனக்கு யாருடா இருக்கா?"

கோபமாகச் சொல்லவில்லை, விலை சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். அந்த வீட்டைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கீழேயிருந்து அம்மா கூப்பிட்டாள். அக்கா எழுந்து சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, படியில் சத்தம் வராமல் இறங்கிப் போனாள். நாலு மணிக்குக் கிளம்பினார்கள்.

மறுநாள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். இந்தத் தடவை யாரையும் உட்கார வைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கைக்கு வந்த பெரிய அட்டையை இறக்க முடிந்த உடனே இறக்கு. எதிராளி கையில் என்ன இருக்கும் என்று யோசிக்காதே. அடி வாங்கினால் இன்னும் முரட்டுத்தனமாக ஆடு. முதல் ஆட்டத்தில் தோற்றால் திரையில் இருக்கும் அட்டைகளை எல்லாம் சிதறடித்துவிட்டு ஆட்டத்தை மூடிவிடு. என்னை எழுதுவதற்கு ஒரு மதியம் போதுமாக இருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை, ஆனால் நான் தொடங்கி முடித்த முதல் காரியம் அதுதான். மாமா கணக்குப் பார்ப்பதற்காக வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருப்பது எனக்குத் தெரியும். கொமுட்டர் பிடித்து, பிறகு பஸ் பிடித்து ஸ்ரீ கெம்பாங்கான் போய், பிளாப்பி தட்டை அக்கா கையில் கொடுத்தேன். அவளுடைய மாமியார் தேநீர் கொடுத்தார். நான் நுனி நாற்காலியில் உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து கடைக்கு போன் வந்தது. மதியம், ஈ ஓட்டும் நேரம்.

"டேய், உன்கூட ஆடுனேன்" என்றாள் அக்கா. "மொத ஆட்டம் நான் ஜெயிச்சேன். எல்லாத்தையும் வீசிட்டுப் போயிட்ட."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, மறுபடி தொறந்தேன். இந்தத் தடவை போணி குடுத்தேன். சமத்தா உக்காந்துட்ட."

ஏதோ கேட்க வாயெடுத்தேன். அந்தப் பக்கம் அவள் மாமியார் எதற்கோ கூப்பிடுவது கேட்டது. "இதோ வரேன் அத்தை" என்று அங்கே குரல் கொடுத்துவிட்டு, என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"வைக்கிறேன்டா. நீ அங்க கம்ப்யூட்டர்ல காத்துக்கிட்டு இருக்க, இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி."